தள்ளுபடிப் பெட்டிக்குள் இருப்பது என்ன?



ஜூன் மாதத்தில் பள்ளிகளும் கல்லூரிகளும் திறக்கும் நாட்களிலும், தீபாவளிக்கு முந்தின வாரங்களிலும், திலக் நகரிலும் செம்பூரிலும் வாழும் நம்முடைய குடும்பங்களில் ஒரே விதமான பேச்சு எழும்புகிறதைக் காணலாம். மகன் ஜூனியர் காலேஜில் சேர்ந்திருக்கிறான். அல்லது மகள் பி.காம். படிக்கத் தொடங்கியிருக்கிறாள், இனி வீட்டில் ஒரு லேப்டாப் இல்லாமல் ஆகாது. தகப்பனார் சீட்டு எடுத்த பணத்தோடு, அல்லது ஊருக்குப் போய்வருவதற்கென்று தாயார் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த பணத்தோடு கடைக்குப் புறப்படுகிறார். லேப்டாப்பின் விலையைக் குறித்து நாலு பேரிடம் விசாரித்து வைத்திருப்பார். ஆனால் பில் போடும் நேரத்தில் கடைக்காரர் வேறொரு பெட்டியை எடுத்து மேஜையின்மேல் வைப்பார். "ஆபீஸ், ஆன்டிவைரஸ், போட்டோ எடிட்டிங், பி.டி.எப்., டைப்பிங் டியூட்டர், கம்ப்யூட்டரை வேகமாக்கும் கிளீனர், ஆறும் சேர்ந்த காம்போ, தனித்தனியாக வாங்கினால் 18,000 ரூபாய், உங்களுக்கு 4,999, இந்த ஆஃபர் இன்றைக்கு மட்டும்" என்பார்.

அதுவரை ஐந்நூறு ரூபாய்க்காகப் பேரம் பேசிக்கொண்டிருந்த தகப்பனார், அந்த இடத்தில் ஒன்றும் பேசாமல் ஐயாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். காய்கறியின் விலை அவருக்குத் தெரியும். தங்கத்தின் விலை தாயாருக்குத் தெரியும். மென்பொருளின் விலையோ வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதைக் கையிலே தூக்கி எடை பார்க்கவும் முடியாது. இந்தத் தெரியாமையின்மேல்தான் அந்தப் பெட்டி விற்கப்படுகிறது. ஆகையால் இம்மாதம் இதைக் குறித்துச் சற்று விவரமாக எழுதுவது அநேகருக்குப் பிரயோஜனமாயிருக்கும் என்று எண்ணுகிறேன்.

பெட்டியில் அச்சடித்த விலை

அரிசி வியாபாரி ஒருவர் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தாம் கொள்முதல் செய்த விலைக்குக் கீழே போகமாட்டார். போனால் அவருக்கு நஷ்டம். மென்பொருளின் காரியம் அப்படியல்ல. அதை முதல்முறை உருவாக்குவதற்கே பெருஞ்செலவு. பின்பு இலட்சம் பிரதி எடுத்தாலும், ஒவ்வொரு பிரதிக்கும் ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே 18,000 என்று அச்சடித்து 4,999க்கு விற்றாலும் இலாபம்தான். 999க்கு விற்றாலும் இலாபம்தான். எழுபது சதவீதம் தள்ளுபடி, தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி என்கிற எண்கள் அந்தப் பொருளின் மதிப்பைக் குறித்து நமக்கு ஒன்றும் சொல்லுகிறதில்லை.

அப்படியானால் எதைக்கொண்டு மதிப்பிடுவது? பெட்டியில் இருப்பதை எண்ணத் தொடங்காமல், நம் வீட்டில் இல்லாததை எண்ணத் தொடங்கவேண்டும். மேற்சொன்ன காம்போவையே எடுத்துக்கொள்வோம். ஒரு காகிதத்தில் அந்த ஆறு பெயர்களையும் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்போம்.

ஆபீஸ் என்பது வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் முதலியவை சேர்ந்த தொகுப்பு. இன்று இந்தியாவில் விற்கப்படும் அநேக புதிய விண்டோஸ் லேப்டாப்புகளில், வீட்டு உபயோகத்துக்கான ஆபீஸ் ஏற்கெனவே விலையோடு சேர்த்தே கொடுக்கப்படுகிறது. லேப்டாப்பின் அட்டைப்பெட்டியிலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். குறித்த காலத்துக்குள் அதைச் செயல்படுத்திக்கொள்ளவேண்டும் என்பதே நிபந்தனை. இதை அறியாமல், தனக்குச் சொந்தமான ஒன்றையே இரண்டாம் முறை விலைகொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. லேப்டாப்பில் ஆபீஸ் வராவிட்டாலும், வேர்டும் எக்செலும் இணையத்தின் வழியாக ஒரு சாதாரண மைக்ரோசாப்ட் கணக்கைக் கொண்டு இலவசமாகவே திறக்கும். எம்.எஸ்.-சி.ஐ.டி. படிக்கிற பிள்ளைகள் வீட்டில் பழகிப் பார்ப்பதற்கு அது பெரும்பாலும் போதும்.

ஆன்டிவைரஸ்: 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல், டிபெண்டர் என்னும் வைரஸ் தடுப்பு விண்டோசுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் தனி விலை இல்லை. வீட்டில் பாடம் எழுதவும், படம் பார்க்கவும், பேங்க் கணக்கைப் பார்க்கவும் பயன்படுகிற கம்ப்யூட்டருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம். கடைகளிலும் பட்டறைகளிலும் பலருடைய பென் டிரைவ்கள் வந்துபோகும் கம்ப்யூட்டராயிருந்தால், புனேயிலுள்ள குயிக் ஹீல் போன்ற ஒன்றைத் தனியாக வாங்குவதில் நியாயம் இருக்கலாம். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாய் ஏற்றிவைத்தால் இரட்டிப்பு பாதுகாப்பு கிடைக்கும் என்று நினைக்கவேண்டாம். ஒன்றையொன்று தடுத்து, கம்ப்யூட்டரின் வேகமே குறையும்.

பி.டி.எப். செய்வதற்கு வேர்டே போதும். கம்ப்யூட்டரை வேகமாக்கும் கிளீனர் என்பது பெரும்பாலும் வேண்டாத பாரம். டைப்பிங் டியூட்டர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போட்டோ எடிட்டிங்குக்கு ஜிம்ப் என்னும் இலவச மென்பொருள் 1990களிலிருந்தே உண்டு. உள்ளதைச் சொன்னால், குடும்பப் படங்களைத் திருத்தும் வேலையைப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே முடித்துவிடுகிறார்கள்.

ஆறும் அடிபட்டுப் போயின. 18,000 ரூபாய்ப் பெட்டி இந்த வீட்டுக்கு ஒன்றுமில்லாததாயிற்று. வேறொரு வீட்டில் இரண்டு மிஞ்சலாம். மிஞ்சிய அந்த இரண்டின் தனி விலையைக் கூட்டி, அதை 4,999உடன் ஒப்பிட்டால்தான் தள்ளுபடி உண்மையா என்று தெரியவரும்.

"கூடவே இலவசம்" என்று வருகிறவற்றையும் இப்படியே பார்க்கவேண்டும். 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. பாட்டும் படமும் ஓட்டுகிற மீடியா பிளேயரை விண்டோசோடு பிணைத்து விற்றது அதற்கான காரணங்களில் ஒன்று. மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் ஒன்றையும் விற்கவேண்டும் என்று ஆணை பிறந்தது. நிறுவனம் அப்படியே செய்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை வைத்தது! ஒரே விலைக்குக் குறைவானதை யார் வாங்குவார்கள்? ஏறக்குறைய ஒருவரும் வாங்கவில்லை. தொகுப்பிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் விலை குறையவேண்டும் என்று நாம் நினைக்கிறோம். விற்கிறவருடைய கணக்கு அப்படியல்ல. கடைக்காரரிடம், "ஆன்டிவைரஸ் வேண்டாம், மற்றதை மாத்திரம் கொடுத்தால் எவ்வளவு?" என்று கேட்டுப்பாருங்கள். அவர் சொல்லும் பதிலிலிருந்து அந்த ஆன்டிவைரசின் மெய்யான விலை உங்களுக்குப் புரிந்துவிடும்.

தமிழ் எழுத்துக்காகச் செலவழித்த காலம்

நம்முடைய ஜனங்கள் இந்தப் பட்டணத்தில் தமிழ் எழுத்துக்காக எவ்வளவு செலவு செய்தார்கள் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கலியாணப் பத்திரிகை, சுவிசேஷக் கைப்பிரதி, கன்வென்ஷன் நோட்டீஸ் ஆகியவற்றை அச்சடித்த டி.டி.பி. கடைகள் பேஜ்மேக்கரையும், புனேயிலுள்ள மாடுலர் இன்ஃபோடெக் நிறுவனத்தின் ஸ்ரீலிபி போன்ற எழுத்துருத் தொகுப்புகளையும் நம்பியிருந்தன. ஸ்ரீலிபியோடு ஒரு சிறிய பூட்டும் கொடுப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரின் பின்புறத்தில் சொருகினால்தான் எழுத்து வரும். நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் அந்தத் தொகுப்பில் இருந்தாலும், கடைக்காரர் வழக்கமாகப் பயன்படுத்தியது ஐந்தோ ஆறோதான். அச்சுத்தொழில் செய்தவர்களுக்கு அது தகுந்த முதலீடு, வீட்டுக்காரருக்கு அல்ல.

2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் மென்பொருள்கள் அடங்கிய ஒரு குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டது. பலவித எழுத்துருக்களும், பாரதீய ஓப்பன் ஆபீஸ் என்னும் அலுவலகத் தொகுப்பும், தமிழில் அமைந்த இணைய உலாவியும் அதில் இருந்தன. கேட்டவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். விலையில்லாத தொகுப்பு என்றால் இதைத்தான் சொல்லவேண்டும். ஆனாலும் குறுந்தகட்டில் அடைத்துவைத்த மென்பொருளுக்கு ஒரு குறை உண்டு. அடைத்த நாளிலிருந்தே அது பழசாகத் தொடங்குகிறது. தமிழ் யூனிகோடு பரவியபின், அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய இலவச மென்பொருள்களைக் கொண்டு யாரும் எங்கும் தமிழில் எழுதலாம் என்றாயிற்று. இன்று விண்டோசிலும் கைப்பேசியிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. ஆகையால் "தமிழ் பாண்ட் பேக்கேஜ்" என்று எவராவது வீட்டு உபயோகத்துக்கு விற்க வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

லாமிங்டன் ரோட்டில் வாங்குவது எதை?

திலக் நகர் ஸ்டேஷனில் ஏறி, அடுத்த ஸ்டேஷனாகிய குர்லாவில் மாறி, தாதரில் மறுபடியும் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் ரோடு வந்துவிடும். டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது அதற்கு அரசாங்கம் வைத்த பெயர். கம்ப்யூட்டர் வாங்கப் போகிற ஒருவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. உதிரிப்பாகங்கள் நியாயமான விலைக்குக் கிடைக்கும் இடம். நேர்மையாய் வியாபாரம் செய்கிறவர்களும் அங்கே ஏராளம். ஆனால் அங்கேயானாலும் நம் தெருவிலுள்ள கடையிலேயானாலும் இணையத்திலேயானாலும், மென்பொருளை வாங்கும்போது ஒன்றை நிதானித்து அறியவேண்டும். நாம் வாங்குவது தகட்டை அல்ல, உரிமத்தை.

உரிமம் பலவிதம். புதிய கம்ப்யூட்டரோடு வருகிற உரிமம் அந்தக் கம்ப்யூட்டரோடு பிறந்து அதோடே சாகிறது. வேறொன்றுக்கு மாற்ற முடியாது. தனியாக விற்கப்படும் உரிமம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாறலாம். பெரிய கம்பெனிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மொத்தமாகக் கொடுக்கப்படும் உரிமம் மூன்றாவது வகை. முந்நூறு, நானூறு ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் "லைப்டைம் கீ" பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையிலிருந்து கசிந்ததாகவோ, உடைந்துபோன பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து எடுத்ததாகவோ இருக்கும். விற்றவருக்கு அதை விற்க அதிகாரமே இல்லை. அது சில மாதம் வேலை செய்யும். பின்பு ஒருநாள் அந்த எண்ணை நிறுவனம் முடக்கிவிட்டால், பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களிடம் பில்லும் இராது.

இதைவிட மலிவானது "கிராக்" செய்த டூப்ளிகேட். சட்டம் இதைக் குறித்து என்ன சொல்லுகிறது என்று நம்மில் அநேகர் அறியார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் கம்ப்யூட்டர் நிரல்கள் 1984இல் சேர்க்கப்பட்டன. 1994இல் செய்யப்பட்ட திருத்தம் 63பி என்னும் பிரிவைக் கொண்டுவந்தது. திருட்டுப் பிரதி என்று அறிந்தும் அதைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துகிறவருக்கு ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு என்கிறது அது. வியாபாரத்துக்கோ ஆதாயத்துக்கோ பயன்படுத்தாதபட்சத்தில், தகுந்த காரணம் காட்டி நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மாத்திரம் விதிக்கலாம். விற்றவர் மாத்திரமல்ல, அறிந்து பயன்படுத்துகிறவரும் இச்சட்டத்துக்குள் வருகிறார் என்பதைக் கவனியுங்கள். தாராவியில் தையல் பட்டறையோ தோல் பட்டறையோ வைத்து, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் கணக்கு எழுத டாலியை டூப்ளிகேட்டாக ஏற்றிவைத்திருக்கும் சகோதரர்கள், "வீட்டு உபயோகம்" என்று சொல்லித் தப்ப முடியாது.

டாலியைப் பற்றி இன்னொன்று. கணக்குப் பயிலும் பிள்ளைகளுக்காக டூப்ளிகேட் டாலியைத் தேடி அலைகிற பெற்றோர் இருக்கிறார்கள். அவசியமே இல்லை. டாலியில் கல்விக்கான முறை ஒன்று இலவசமாகவே உண்டு. மாதத்தின் முதல் தேதி, இரண்டாம் தேதி, முப்பத்தொன்றாம் தேதி ஆகிய நாட்களுக்கு மாத்திரமே அதில் பதிவு எழுத முடியும். வியாபாரத்துக்கு உதவாது, படிக்கிற பிள்ளைக்குத் தாராளமாகப் போதும். பாலிடெக்னிக் படித்து ஆட்டோகேட் பழகும் பையன்களுக்கும் அப்படியே. ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்து, வருஷந்தோறும் புதுப்பிக்க அனுமதிக்கிறது. கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரி இருந்தால், ஆபீசும் இலவசமாகக் கிடைக்குமா என்று கல்லூரியிலேயே கேட்கலாம். காசு கொடுக்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததினால் வீணாகும் பணம் கொஞ்சமல்ல.

சபையின் திரையிலும்

இதைச் சொல்லாமல் கடந்துபோனால் நியாயமாயிராது. பாட்டின் வரிகளைத் திரையில் காட்டுவதற்குச் சபைகள் பயன்படுத்தும் மென்பொருள்கள் சில விலையுள்ளவை. ஈஸிவொர்ஷிப் அவற்றில் ஒன்று. வாலிபத் தம்பி ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்து ஏற்றிக்கொடுத்திருப்பார், ஆராதனை நடந்துகொண்டிருக்கும், அந்த உரிமம் யாருடையது என்று ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஓப்பன்எல்பி என்னும் மென்பொருள் இதே வேலையை இலவசமாகவும் சட்டப்படியும் செய்கிறது. பழகுவதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகும். சபைப் பொருளாளர்கள் இதை விசாரிக்கவேண்டும்.

ஊழியர்களுக்கு விற்கப்படும் வேத ஆராய்ச்சித் தொகுப்புகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இத்தனை நூறு புத்தகங்கள், இவ்வளவு டாலர் மதிப்பு, பாதி விலை" என்று விளம்பரம் வருகிறது. அந்தப் பட்டியலைப் பொறுமையாய் வாசித்தால், மத்தேயு ஹென்றியின் விளக்கவுரை, ஸ்ட்ராங்கின் சொல்லகராதி போன்ற பழைய நூல்கள் அதில் இருப்பதைக் காணலாம். மத்தேயு ஹென்றி 1714இல் மரித்தார். ஸ்ட்ராங்கின் நூல் 1890இல் வெளிவந்தது. இவற்றுக்கு இன்று பதிப்புரிமையே இல்லை. 2000 முதல் இலவசமாகக் கிடைக்கும் இ-சுவார்டு மென்பொருளில் இவை இரண்டும் உண்டு. விலைகொடுத்து வாங்கவேண்டியது புதிய நூல்களுக்காக மாத்திரமே. அவற்றில் எத்தனையை நீங்கள் மெய்யாகவே திறந்து வாசிப்பீர்கள் என்பதை நீங்களே அறிவீர்கள். இத்துறையில் பெரியதாகிய லோகோஸ் நிறுவனமும் 2024இல் சந்தா முறையைக் கொண்டுவந்தது. ஒருதரம் வாங்கி ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்வது எது, மாதந்தோறும் கட்டவேண்டியது எது என்று பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

வருஷத்துக்கு வருஷம்

முன்னே மென்பொருளை வாங்கினோம். இப்பொழுது வாடகைக்கு எடுக்கிறோம். போட்டோஷாப்பைச் செய்கிற அடோபி 2013இல் சந்தா வழிக்கு மாறியது. மற்ற அநேகரும் பின்தொடர்ந்தார்கள். வாடகை வீட்டில் இருக்கிறவர்களாகிய நமக்கு இதன் அர்த்தம் நன்றாகவே தெரியும். முதல் மாத வாடகையை மாத்திரம் பார்த்து ஒருவரும் வீடு எடுக்கிறதில்லை. பதினொரு மாதம் முடிந்தபின் எவ்வளவு ஏற்றுவார் என்று கேட்கிறோம். மென்பொருளிலும் அதையே கேட்கவேண்டும். முதல் வருஷத்துக்குத் தள்ளுபடி. இரண்டாம் வருஷத்துக்கு எவ்வளவு?

2025இல் இந்தியாவில் இந்தக் கேள்வி கைப்பேசி ரீசார்ஜுக்குள்ளேயே வந்துவிட்டது. அவ்வருஷம் ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி புரோவைப் பன்னிரண்டு மாதம் இலவசமாகக் கொடுத்தது. அக்டோபர் இறுதியில் ஜியோ, கூகுளின் ஜெமினி அடங்கிய திட்டத்தைப் பதினெட்டு மாதத்துக்குக் கொடுக்க முன்வந்தது. நவம்பரில் சாட்ஜிபிடி கோ ஒரு வருஷத்துக்கு இலவசம் என்று அறிவிப்பாயிற்று. பிள்ளைகள் இவற்றைப் பயன்படுத்தட்டும், நான் தடுக்கிறவனல்ல. ஆனால் கார்டு எண்ணையோ யு.பி.ஐ. அனுமதியையோ எதற்காவது கொடுத்திருந்தால், இலவசக் காலம் முடிகிற தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்துவையுங்கள். ரிசர்வ் வங்கியின் விதியின்படி, 2021 அக்டோபர் முதல், இப்படித் தானாகப் பணம் பிடிக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்குத் தகவல் வரவேண்டும். நம்முடைய கைப்பேசிகளில் கடன் தருகிறோம், பரிசு விழுந்தது என்று வரும் நூறு எஸ்.எம்.எஸ்.களுக்கு நடுவே அதுவும் வந்து கிடக்கும்! 15,000 ரூபாய் வரையுள்ள தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கப்படாமலே பிடிக்க 2022 முதல் இடமுண்டு என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

தொகுப்புக்குள் நாம் கேளாத ஒன்றைச் சேர்த்து விலையை ஏற்றுவதும் உண்டு. மைக்ரோசாப்ட் 365 சந்தாவில் கோபைலட் என்னும் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்தபோது, ஆஸ்திரேலியாவில் தனிநபர் சந்தா வருஷத்துக்கு 109 டாலரிலிருந்து 159 டாலராகவும், குடும்பச் சந்தா 139இலிருந்து 179 டாலராகவும் உயர்ந்தது. கோபைலட் இல்லாத பழைய திட்டம் பழைய விலைக்கே இருந்தும், அதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது அந்நாட்டு நுகர்வோர் ஆணையத்தின் குற்றச்சாட்டு. சந்தாவை ரத்து செய்யும் பக்கம் வரை போனவர்களுக்கே அந்தப் பழைய திட்டம் கண்ணில் பட்டது. சுமார் 27 லட்சம் பேர் இதில் பாதிக்கப்பட்டார்கள் என்று சொல்லி, 2025 அக்டோபரில் ஆணையம் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. ஆகையால் எந்தச் சந்தாவைப் புதுப்பிக்குமுன்னும், "ரத்து செய்" என்கிற பொத்தானை அமுக்கி அந்தப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். ரத்து செய்யத் துணியாவிட்டாலும் பரவாயில்லை. மலிவான திட்டம் ஒன்று அங்கே ஒளிந்திருக்கக்கூடும்.

வாங்கத் தகுந்தவையும் உண்டு

இதை வாசித்து, எல்லாத் தொகுப்பும் ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம். அதே மைக்ரோசாப்ட் குடும்பச் சந்தாவை ஆறு பேர் வரை பங்கிடலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு டெராபைட் சேமிப்பிடம் உண்டு. அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் அடுத்தடுத்த கட்டடத்தில் இருந்து, இரண்டு வீட்டிலும் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால், நாலு பேராக விலையைப் பங்கிடும்போது அது மலிவே. கோபைலட் மாத்திரம் சந்தா எடுத்தவர் ஒருவருக்கே வேலை செய்யும். அதை நம்பிப் பணம் போட்டு, பின்பு அண்ணன் தம்பிக்குள் வருத்தம் வரவேண்டாம். ஒருவர் மாத்திரமே கம்ப்யூட்டர் தொடுகிற வீட்டுக்குக் குடும்பச் சந்தா வீண்.

இலவசம் என்பதினாலேயே ஒன்று மலிவாகிவிடாது என்பதற்கும் நம் சொந்த நாட்டிலே உதாரணம் உண்டு. 2006, 2007ஆம் ஆண்டுகளில், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராயிருந்த காலத்தில், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை விண்டோசிலிருந்து லினக்சுக்கு மாற்றியது. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரே தீர்மானமாய்ச் செய்தபடியால் அது நடந்தது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோசும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இரண்டும் இருந்தன. இரண்டும் கையில் இருக்கும்போது, பிள்ளை எதைத் திறப்பான்? சிநேகிதன் எதைத் திறக்கிறானோ அதைத்தான். மென்பொருளின் பிரயோஜனத்தில் ஒரு பங்கு நம்மைச் சுற்றியிருப்பவர்களிடத்தில் இருக்கிறது. வேலைக்குப் போகும் இடத்தில் எக்செல் கேட்பார்களானால், வீட்டில் லிப்ரெஆபீஸ் மாத்திரம் பழகிய பெண் முதல் வாரத்தில் சற்றுத் தடுமாறுவாள். கடிதம், விண்ணப்பம், வீட்டுக் கணக்கு, சபை அறிக்கை ஆகியவற்றுக்கோ லிப்ரெஆபீஸ் தாராளம்; தமிழ் முகப்பும் அதற்கு உண்டு. ஜோஹோவின் ரைட்டர், ஷீட் ஆகியவையும் தனிநபருக்கு இலவசமே. நம்மில் அநேகருடைய சொந்தப் பகுதியாகிய தென்காசியில், மத்தளம்பாறை கிராமத்தில், அந்த நிறுவனத்துக்கு அலுவலகம் இருக்கிறது என்று சொன்னால் சிலருக்குச் சந்தோஷமாயிருக்கும்.

கடைசியாக, வாங்குவதென்று தீர்மானித்தால் செய்யவேண்டியவை. "இன்றைக்கு மட்டும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இன்றைக்கு வாங்காதீர்கள். பொய்யான அவசரம் காட்டுவது, கேளாமலே இணையக் கூடைக்குள் பொருளைச் சேர்ப்பது, சந்தாவிலிருந்து வெளியேற வழியில்லாமல் சிக்கவைப்பது ஆகிய பதின்மூன்று விதமான தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தடைசெய்திருக்கிறது. ஏமாந்துபோனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம். ஜி.எஸ்.டி. பில்லில் லேப்டாப் தனியாகவும், ஒவ்வொரு மென்பொருளும் அதன் பெயரோடும் காலத்தோடும் தனித்தனியாகவும் எழுதப்பட்டிருக்கவேண்டும். "சாப்ட்வேர் - 1" என்று மொட்டையாக எழுதிய பில் எதற்கும் உதவாது.

ஆபீசைச் செயல்படுத்தும்போது கடைப் பையன் சீக்கிரமாய் முடிப்பதற்காகத் தன்னுடைய மின்னஞ்சல் முகவரியையே போட்டுவிடுவதுண்டு. அப்படிச் செய்தால் அந்த உரிமம் அவனுடைய கணக்கோடு சேர்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க் மாற்றவேண்டி வந்தால், அவனைத் தேடி நீங்கள் அலையவேண்டும். ஆகவே மகனையோ மகளையோ கூட அழைத்துப் போங்கள். பிள்ளையின் சொந்த மின்னஞ்சலைக் கொண்டே செயல்படுத்தச் செய்து, அந்த முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு காகிதத்தில் எழுதி, பில்லோடு சேர்த்து, ரேஷன் கார்டும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.